மூக்கின் நரம்புக்கு முகவரி தந்தது யார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்ற இதழில், ஒரே வகை ஏற்பியை, அதாவது மணத்தைப் பிடிக்கும் புரதத்தை, கொண்ட நரம்பு செல்கள் மூக்கில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும் அவற்றின் இழைகள் மூளையில் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். பல ஆயிரம் இழைகள், ஒன்றையொன்று அறியாத இடங்களிலிருந்து புறப்பட்டு, எப்படி ஒரே இடத்துக்கு வந்து சேர முடியும்? அவற்றுக்கு வழி சொல்வது எது?

பதில்: அந்தச் செய்தியைப் போகிற போக்கில் எழுதியது என் பிழைதான். வளரும் மூளையில் நடக்கும் வழிதேடல்களில் இதைவிடச் சிக்கலானதைக் காண்பது அரிது என்பதால், முதலில் அமைப்பை விளக்கிவிடுகிறேன்.

மூக்கறையின் கூரைப் பகுதியில் நுகர்ச்சிப் படலம் என்னும் மெல்லிய திசு இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு நியூரானும், அதாவது நரம்பு செல்லும், ஒரு முனையில் மயிரிழை போன்ற நுண்நீட்சிகளைச் சளிக்குள் நீட்டி, காற்றோடு வரும் மண மூலக்கூறுகளைப் பிடிக்கிறது. மறுமுனையிலிருந்து ஆக்ஸான் என்னும் ஒற்றை இழையை மூளையை நோக்கி அனுப்புகிறது. இந்த இழைகள் கற்றைகளாகச் சேர்ந்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் சல்லடைபோல் துளையிட்ட எலும்பின் வழியே நுழைந்து, மூளையின் முன்பகுதியில் அமர்ந்திருக்கும் நுகர்ச்சிக் குமிழை அடைகின்றன. குமிழின் மேற்பரப்பில் சிறு சிறு உருண்டைகளாக நரம்பு இணைப்புகள் திரண்டிருக்கும். அந்த உருண்டைக்கு குளோமருலஸ் என்று பெயர். சிறுநீரகத்திலும் இதே பெயரில் ஒன்று இருப்பதால் மாணவர்கள் குழம்புவதுண்டு. லத்தீனில் சிறிய நூலுருண்டை என்பதுதான் சொல்லின் பொருள் என்பதால் இரண்டுக்கும் பொருந்திப்போகிறது.

1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவரும் மண ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். 2004இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. சுண்டெலியில் இந்த ஏற்பி மரபணுக்கள் ஆயிரத்துக்கு மேல் செயல்படுகின்றன. மனிதரில் ஏறத்தாழ 400. ஒரு நியூரான் இவற்றுள் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்து வெளிப்படுத்துகிறது. ஒரே ஏற்பியைத் தேர்ந்த சில ஆயிரம் நியூரான்கள் படலத்தின் ஒரு பரந்த பட்டைக்குள் எந்த ஒழுங்கும் இல்லாமல் இறைந்து கிடக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வேறு ஏற்பியைக் கொண்ட அயலார்தான்.

1996இல் பீட்டர் மோம்பர்ட்ஸும் ஆக்செல் குழுவினரும், பி2 என்னும் ஏற்பியைக் கொண்ட நியூரான்கள் மட்டும் நீல நிறம் ஏற்கும்படி ஒரு சுண்டெலியை உருவாக்கினார்கள். படலம் முழுவதும் நீலப் புள்ளிகள் தூவப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து புறப்பட்ட நீல இழைகளோ குமிழை நெருங்க நெருங்க ஒன்றுசேர்ந்து, ஒவ்வொரு குமிழிலும் பெரும்பாலும் இரண்டே இரண்டு குளோமருலஸ்களில், உட்புறம் ஒன்று வெளிப்புறம் ஒன்று என்று, குவிந்து முடிந்தன. எலிக்கு எலி அந்த இடம் ஏறத்தாழ மாறாமல் இருந்தது. நரம்பியல் பாடநூல்களில் நான் பார்த்த படங்களுள் விளக்கக் குறிப்பே தேவைப்படாதது இது ஒன்றுதான்.

இதன் விந்தை கண்ணோடு ஒப்பிடும்போது புலப்படும். விழித்திரையில் அருகருகே இருக்கும் செல்கள் மூளையிலும் அருகருகேதான் இணைகின்றன. 1940களில் ரோஜர் ஸ்பெர்ரி, நீர்ப்பல்லி போன்ற நியூட் என்னும் உயிரினத்தின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, வெட்டிய நரம்பை மீண்டும் வளரவிட்டார். இழைகள் ஒவ்வொன்றும் தம் பழைய இடத்துக்கே திரும்பிச் சென்றன. அதனால் அந்த உயிரினம் உலகைத் தலைகீழாகவே கண்டு, இரை மேலே இருந்தால் கீழே பாய்ந்தது. இழைகளும் மூளையும் வேதியியல் அடையாளங்களைத் தாங்கியிருக்கின்றன, அவை பொருந்தும் இடத்தில் இணைப்பு உருவாகிறது என்று அதிலிருந்து அவர் கருதினார். கண்ணைப் பொறுத்தவரை அந்தக் கருத்து பெரிதும் நிலைத்தது. ஆனால் கண்ணில் செல் இருக்கும் இடமே அதன் அடையாளம். மூக்கில் அண்டை வீட்டாருக்குள்ளேயே உறவு கிடையாது. எனவே இழை தன் இடத்தை அறிய, தான் எங்கிருந்து வருகிறோம் என்ற செய்தி மட்டும் போதாது. தான் எந்த ஏற்பியைச் சேர்ந்தவன் என்பதும் தெரிந்தாக வேண்டும். இதற்கான விடை அடுத்த கடிதத்துக்குரிய பதிலில் வருகிறது.

கேள்வி: ஏற்பி என்பது மணத்தைப் பிடிக்கும் புரதம். அது மூக்கின் சளிக்குள் இருக்கிறது. ஆக்ஸானின் நுனியோ வெகு தொலைவில் மூளையைத் துழாவிக்கொண்டிருக்கிறது. மணத்தைப் பிடிக்கும் கருவி எப்படி வழிகாட்டியாகவும் இருக்க முடியும்? உங்கள் எழுத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதில்: நீங்கள் எழுப்பிய ஐயம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது, அதைத் தீர்க்க அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

முதல் சான்று நேரடியான மாற்றுச் சோதனையில் கிடைத்தது. பி2 மரபணு இருக்கும் இடத்தில் வேறொரு ஏற்பியின் மரபணுவைப் பொருத்தினால், அந்த நியூரான்களின் இழைகள் பி2க்குரிய இடத்துக்குச் செல்லாமல் வேறொரு குளோமருலஸில் சென்று கூடின. ஏற்பியையே நீக்கிவிட்டால் இழைகள் எங்கும் குவியாமல் அலைந்தன. ஆகவே ஏற்பிக்கும் வழிக்கும் தொடர்பு இருப்பது உறுதியாயிற்று. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: இடம் மாற்றப்பட்ட இழைகள், புதிதாகப் பெற்ற ஏற்பிக்கு இயல்பாக உரிய இடத்துக்கும் போகவில்லை, பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் நின்றன. அதாவது ஏற்பி முகவரியின் ஒரு பகுதியைத்தான் எழுதுகிறது. மீதியை எழுதுவது, செல் படலத்தில் எந்தப் பட்டையில் பிறந்தது என்பது.

பின்னர் 2004இல், ஏற்பிப் புரதம் ஆக்ஸானின் நுனியிலும் இருப்பது காட்டப்பட்டது. உடனே பலருக்கும் தோன்றிய விளக்கம், குமிழில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறிப்பொருள் இருக்க வேண்டும், நுனியிலுள்ள ஏற்பி அதை முகர்ந்து தன் இடத்தை அறிய வேண்டும் என்பதே. மூளையே மணக்கிறது, நரம்பு அதை மோப்பம் பிடித்துச் செல்கிறது என்ற அந்தக் கற்பனை அழகானதுதான். எனினும் அது தேவைப்படவில்லை.

2006இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிதோஷி சகானோவின் ஆய்வகம் வெளியிட்ட முடிவு பார்வையையே திருப்பிப்போட்டது. மண ஏற்பிகள், செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி-புரதத்தோடு இணைந்து செயல்படும் வகையைச் சேர்ந்தவை. அவை தூண்டப்படும்போது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறு உருவாகிறது. ஜி-புரதத்தோடு இணைய முடியாதபடி சிதைக்கப்பட்ட ஏற்பியைக் கொடுத்தபோது, இழைகள் குமிழின் முன்பகுதியிலேயே தங்கிவிட்டன, குவியவும் இல்லை. ஏற்பிக்குப் பதிலாக ஜி-புரதத்தை எப்போதும் இயங்கும் நிலையில் வைத்தபோது அவை மீண்டும் குவிந்தன. சைக்ளிக் ஏஎம்பி குறைவாக இருந்தால் இழை குமிழின் முன்புறம் செல்கிறது, மிகுதியாக இருந்தால் பின்புறம் செல்கிறது. குமிழில் எந்தக் குறிப்பொருளையும் ஏற்பி படிக்க வேண்டியதில்லை. செல்லுக்குள் அது எழுப்பும் சமிக்ஞையின் அளவே போதும்.

அப்படியானால் மணமே இல்லாத கருவில் ஏற்பியைத் தூண்டுவது எது? எதுவும் தூண்டுவதில்லை. இவ்வகை ஏற்பிகள் தூண்டுபொருள் இல்லாதபோதும் தாமாகவே அவ்வப்போது இயங்கு நிலைக்குச் சென்று திரும்பும் இயல்புடையவை. சரியாக மூடாத குழாயிலிருந்து நீர் சொட்டுவதைப் போன்றது அது. எவ்வளவு சொட்டும் என்பது புரதத்தின் அமினோ அமில வரிசையைப் பொறுத்தது. எனவே ஒவ்வொரு ஏற்பிக்கும் தனக்கென ஒரு சொட்டு வேகம் உண்டு. 2013இல் அதே ஆய்வுக் குழு, வெவ்வேறு சொட்டு வேகமுள்ள ஏற்பி வடிவங்களை நியூரான்களுக்குக் கொடுத்து, வேகத்துக்கேற்ப இழைகளின் இருப்பிடம் முன்பின்னாக நகர்வதைக் காட்டியது. மணத்தைப் பிடிக்கும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதிராத நியூரானில் இந்தச் சமிக்ஞையைக் கடத்தும் ஜி-புரதம்கூட, முதிர்ந்தபின் மணத்தை உணரப் பயன்படும் ஜி-புரதத்திலிருந்து வேறானது. ஏற்பி என்னும் ஒரே புரதம் இளமையில் ஒரு வேலையும் முதுமையில் வேறொரு வேலையும் பார்க்கிறது என்று கொள்ளலாம்.

இனி, இந்த அளவு எப்படித் திசையாக மாறுகிறது என்பதைப் பார்ப்போம். சைக்ளிக் ஏஎம்பி மிகுந்த செல், நியூரோபிலின்-1 என்னும் புரதத்தைத் தன் இழையின் மேற்பரப்பில் அதிகமாக வைக்கிறது. குறைந்த செல் குறைவாக வைக்கிறது. நியூரோபிலின்-1, செமாஃபோரின்-3ஏ என்னும் புரதத்தைக் கண்டால் விலகச் செய்யும் உணரி. கையசைத்தோ கொடி காட்டியோ செய்தி சொல்லும் செமஃபோர் முறையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இந்த விலக்கும் புரதத்தை மூளைதான் வைத்துக்கொண்டு இழைகளை ஒழுங்குபடுத்துகிறது என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே கிடைக்கும். நியூரோபிலின்-1 குறைவாக உள்ள இழைகள்தான் செமாஃபோரின்-3ஏவை மிகுதியாக வெளியிடுகின்றன. ஆகவே கற்றைக்குள்ளேயே, மூளையைத் தொடும் முன்பே, இழைகள் ஒன்றையொன்று விலக்கித் தம்மை வரிசைப்படுத்திக்கொள்கின்றன. 2009இல் இதை நிறுவிய சகானோ குழுவினர், இந்த விலக்கும் புரதத்தை மூக்கின் நியூரான்களிலிருந்து மட்டும் நீக்கியபோதே, குமிழில் எந்த இழை எங்கே சேரும் என்ற வரைபடம் கலைந்துபோவதைக் கண்டார்கள்.

இதற்கு முன்பே, 2003இல், இன்னும் வியப்பான ஒன்று அறியப்பட்டிருந்தது. ஒரு மரபணுக் குறைபாட்டால் நுகர்ச்சிக் குமிழே உருவாகாத சுண்டெலிகள் உண்டு. அவற்றிலும் பி2 இழைகள் மற்றவற்றிலிருந்து பிரிந்து தமக்குள் ஒன்றாகக் கூடின. சேர வேண்டிய ஊரே இல்லாதபோதும் பயணிகள் வகை வகையாகப் பிரிந்து நின்றார்கள். 'நியூரான்கள் தம் இலக்கைத் தேடிக் கண்டடைகின்றன' என்ற வழக்கமான சொற்றொடர் எனக்கு இதனால்தான் உறுத்துகிறது. குளோமருலஸ் முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டு இழைக்காகக் காத்திருப்பதில்லை. இழைகள் வந்து கூடுவதால்தான் அந்த இடத்தில் குளோமருலஸ் உருவாகிறது.

கேள்வி: முன்பின் திசை சரி. குமிழ் ஓர் உருண்டை ஆயிற்றே. மேல்கீழ் எப்படித் தீர்மானமாகிறது?

பதில்: இங்கு ஏற்பிக்குப் பங்கு குறைவு, செல் பிறந்த இடமே பேசுகிறது. நுகர்ச்சிப் படலத்தின் மேற்பகுதியில் பிறந்த நியூரான்கள் குமிழின் மேற்பகுதிக்கும், கீழ்ப்பகுதியில் பிறந்தவை கீழ்ப்பகுதிக்கும் செல்கின்றன. மேற்பகுதி நியூரான்களின் இழைகளில் ரோபோ-2 என்னும் உணரி இருக்கிறது. குமிழின் கீழ்ப்பகுதியிலுள்ள ஸ்லிட் என்னும் புரதம் அவற்றை விலக்குவதால் அவை மேலே நிற்கின்றன. ஆகவே மூளையின் பங்கு அறவே இல்லை என்று நான் சொன்னதாகக் கொள்ள வேண்டாம்.

இதில் காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மேற்பகுதி இழைகள் முதலில் வந்து சேர்கின்றன. வந்து சேர்ந்தவை செமாஃபோரின்-3எஃப் என்னும் மற்றொரு விலக்குப் புரதத்தை வெளியிடுகின்றன. பிந்தி வரும் கீழ்ப்பகுதி இழைகளில் அதை உணரும் நியூரோபிலின்-2 மிகுந்திருப்பதால், அவை மேற்பகுதியை விட்டு விலகிக் கீழே இடம் தேடுகின்றன. முன்னால் வந்தவர் துண்டு போட்டு இடம் பிடிப்பதும், பின்னால் வந்தவர் அதைக் கண்டு ஒதுங்குவதும் நரம்புகளிடையிலும் நடக்கிறது என்பது 2010இல் தெரியவந்தது.

கேள்வி: ஒவ்வோர் ஏற்பிக்கும் ஒரு சொட்டு வேகம் என்றால், ஆயிரம் ஏற்பிகளுக்கு ஆயிரம் வேகங்கள் வேண்டும். அடுத்தடுத்த வேகங்களுக்கு இடையே மிகச் சிறிய வேறுபாடுதானே இருக்கும்? அதைக்கொண்டு இவ்வளவு துல்லியமாகப் பிரிய முடியுமா?

பதில்: முடியாது, இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்தது மகிழ்ச்சியளிக்கிறது. மேலே சொன்ன முறைகள் இழையை ஏறத்தாழச் சரியான வட்டாரத்துக்குத்தான் கொண்டு சேர்க்கின்றன. பிறக்கும் தறுவாயிலுள்ள சுண்டெலியின் குமிழைப் பார்த்தால், அண்டை இழைகள் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும். அதன்பின் நடப்பது நுண்பிரிப்பு.

அதற்கு வேறொரு புரதக் கூட்டம் இருக்கிறது. கிர்ரெல்-2, கிர்ரெல்-3 ஆகியவை தம்மைப் போன்றவற்றோடு மட்டுமே ஒட்டும் பசைகள். எஃப்ரின்-ஏ5உம் அதன் உணரியான இஃப்ஏ5உம் ஒன்றையொன்று விலக்குபவை. ஒரு நியூரான் இவற்றுள் எவற்றை எவ்வளவு வைத்துக்கொள்கிறது என்பது மீண்டும் அதன் ஏற்பியைப் பொறுத்தே அமைகிறது என்பதை 2006இல் செரிசாவாவும் சகானோவும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். ஒரே ஏற்பியைக் கொண்ட இழைகள் ஒரே கலவைப் பசையைப் பூசிக்கொண்டிருப்பதால் தமக்குள் ஒட்டிக்கொள்கின்றன. அயலாரை விட்டு விலகுகின்றன.

இந்தக் கலவையைத் தீர்மானிப்பது நியூரானின் மின்துடிப்பு. எவ்வளவு துடிக்கிறது என்பதைவிட எந்தத் தாளத்தில் துடிக்கிறது என்பதே முக்கியம் என்று 2019இல் கண்டறியப்பட்டது. சில ஏற்பிகளைக் கொண்ட நியூரான்கள் விட்டுவிட்டுக் குத்துக்குத்தாகத் துடிக்கின்றன, வேறு சில சீராகத் துடிக்கின்றன. ஒளியால் இயக்கப்படும் நியூரான்களை வெவ்வேறு தாளங்களில் தூண்டியபோது, தாளத்துக்கேற்ப வெவ்வேறு பசைப் புரதங்கள் உருவாயின. துடிப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த துறைக்கு இது ஒரு நல்ல பாடம் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியென்றால் கருவிலேயே மணம் நுகர்ந்து பழகினால்தான் இந்த இணைப்புகள் உருவாகுமா?

பதில்: இல்லை. மேற்சொன்ன துடிப்புகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து மணம் வராமலேயே எழுபவை. மண மூலக்கூறு பிடிபட்டபின் மின்சமிக்ஞையை எழுப்பும் வாயிற்புரதத்தை நீக்கிய சுண்டெலிகளிலும் வரைபடத்தின் பெரும்பகுதி ஒழுங்காகவே உருவாகிறது. ஆனால் பிறந்த உடன் ஒரு நாசித்துளையை அடைத்துவிட்டால், ஒரே ஏற்பிக்குரிய உபரிக் குளோமருலஸ்கள் களையப்படாமல் தங்கிவிடுகின்றன. மணம் மெருகேற்றுகிறது, வரைபடத்தைப் போடுவது அதற்கு முந்தைய வேலை.

இதற்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. 2014இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே, பிறப்பையொட்டிய சில நாள்களுக்குள் தடம் மாறிய இழைகளைத் திருத்த முடியும் என்றும், ஏறத்தாழ முதல் வாரத்துக்குப் பிறகு தடத்தைச் சரிசெய்தாலும் புதிய இழைகள் பழைய தவறான பாதையையே பின்பற்றுகின்றன என்றும் காட்டின. முதலில் சென்றவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதைதான் பின்வருபவர்களுக்கு வழி. அது தவறாக இருந்தாலும்.

கேள்வி: ஒரு நியூரான் ஆயிரம் மரபணுக்களில் ஒன்றை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? மற்றவற்றை வெட்டி எறிந்துவிடுமா?

பதில்: நோய் எதிர்ப்புச் செல்கள் தம் டிஎன்ஏவை வெட்டி ஒட்டுவது தெரிந்திருந்ததால், இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் எண்ணினார்கள். 2004இல், முதிர்ந்த ஒரு நுகர்ச்சி நியூரானின் உட்கருவிலிருந்தே முழுச் சுண்டெலி குளோனிங் முறையில் உருவாக்கப்பட்டது. அந்தச் சுண்டெலியின் மூக்கில் எல்லா ஏற்பிகளும் வழக்கம்போல் இருந்தன. ஆகவே எதுவும் வெட்டி எறியப்படவில்லை. ஒரு மரபணு திறக்கப்பட்டு, செயல்படும் ஏற்பிப் புரதம் உருவாகிவிட்டால், அந்தப் புரதமே மற்ற மரபணுக்கள் திறவாதபடி செய்தி அனுப்புகிறது. இரண்டு ஏற்பிகள் இருந்தால் முகவரியும் இரண்டாகிவிடும் அல்லவா?

கேள்வி: பழ ஈயிலும் இதே முறைதானா? ஆய்வுகளில் பெரும்பாலும் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள்?

பதில்: முடிவு ஒன்றே, முறை வேறு. பழ ஈயின் மூளையில் ஏறத்தாழ 50 குளோமருலஸ்கள் இருக்கின்றன. அங்கும் ஒரே ஏற்பியைக் கொண்ட நியூரான்கள் ஒரே குளோமருலஸில் கூடுகின்றன. ஆனால் ஏற்பியை நீக்கினாலும் இழை தன் இடத்துக்குச் சரியாகவே சென்று சேர்கிறது. பூச்சிகளின் மண ஏற்பி ஜி-புரதத்தோடு இணையும் வகையைச் சேர்ந்ததன்று, அதுவே மின்னூட்டம் பெற்ற அணுக்களை உள்ளே விடும் ஓர் அயனி வாயில். அதற்குச் சைக்ளிக் ஏஎம்பியைக் கொண்டு முகவரி எழுதும் வழி இல்லை. மேலும் அது இழை சேருமிடத்தை அடைந்த பிறகே பெரும்பாலும் உருவாகிறது. ஈயில் மூளைப் பக்கத்து நியூரான்களின் கிளைகள், மூக்கிழைகள் வருவதற்கு முன்பே தமக்குள் இடம் பிரித்துக்கொண்டு காத்திருக்கின்றன; டெனியூரின் என்னும் புரதங்கள் இருபுறமும் ஒரே அளவில் உள்ள இணைகளைச் சேர்த்து வைக்கின்றன என்பது 2012இல் தெரிந்தது. சுண்டெலியில் உறுத்திய 'இலக்கு' என்ற சொல் ஈக்குத் தாராளமாகப் பொருந்தும்.

பூச்சிகள் எல்லாம் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. 2017இல் எறும்புகளில், மண ஏற்பிகள் இயங்கத் துணையாக வேண்டிய ஓர்கோ என்னும் மரபணுவை நீக்கியபோது, அவற்றின் குளோமருலஸ்களில் பெரும்பகுதி உருவாகவே இல்லை. ஈயில் அதே மரபணுவை நீக்கினால் அமைப்பு பெரிதும் கெடுவதில்லை.

கேள்வி: பருவமடைதல் நிகழாமைக்கும் பிறவியிலேயே மணம் அறியாமைக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு மருத்துவர் சொல்லக் கேட்டேன். நம்ப முடியவில்லை.

பதில்: நம்பலாம். இனப்பெருக்கச் சுரப்பிகளை இயக்கும் ஜிஎன்ஆர்எச் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் நியூரான்கள் மூளையின் ஹைபோதலாமஸில் வேலை பார்க்கின்றன. ஆனால் அவை பிறப்பது மூளையில் அல்ல, கருவின் மூக்குப் பகுதியில். அங்கிருந்து நுகர்ச்சி இழைகளோடு வரும் நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு, அவற்றின் மேல் ஊர்ந்து மூளைக்குள் செல்கின்றன. சுண்டெலிக் கருவில் இந்த இடப்பெயர்ச்சி 1989இல் கண்டறியப்பட்டது. இழைகள் மூளையை அடையாவிட்டால் இந்தச் செல்களும் வழியிலேயே நின்றுவிடும்.

இந்நிலைக்குக் கால்மன் நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர். ஃபிரான்ஸ் கால்மன் இதை 1944இல் விவரித்தார். அதற்கும் முன்னர், 1856இல், ஸ்பானிய உடற்கூற்றியலாளர் ஆவ்ரேலியானோ மாயெஸ்த்ரே தெ சான் ஹுவான், வளர்ச்சியடையாத இனப்பெருக்க உறுப்புகளைக் கொண்ட ஒருவரின் உடலில் நுகர்ச்சிக் குமிழ்கள் இல்லாதிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1989இல், இக்குறைபாடுள்ள 19 வாரக் கரு ஒன்றை ஆராய்ந்தபோது, இழைகளும் ஹார்மோன் செல்களும் சல்லடை எலும்பைத் தாண்டியும் மூளைக்குள் நுழையாமல் அதன் உறைகளுக்கிடையே முடிச்சாகத் தேங்கியிருந்தன. எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஏஎன்ஓஎஸ்1 என்னும் மரபணுவின் பிழை ஒரு காரணம். ஆண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுவதற்கும் அது ஒரு காரணம். வேறு பல மரபணுக்களும் பின்னர் அறியப்பட்டன. மேலே வந்த செமாஃபோரின்-3ஏவும் 2012இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பருவம் தாமதமாகும் இளைஞரிடம், மணம் தெரிகிறதா என்று மருத்துவர் கேட்பது பேச்சுக்காக அல்ல. ஹார்மோன் சிகிச்சையால் பருவ வளர்ச்சியைக் கொண்டுவர முடியும். நுகர்வுணர்வை அச்சிகிச்சை தருவதில்லை.

கேள்வி: வைரஸ் காய்ச்சலுக்குப் பின் எனக்கு மணமே தெரியாமல் போயிற்று. சில மாதங்களில் திரும்பி வந்தது. ஆனால் பழகிய மணங்கள் எல்லாம் கருகல் வாடையாகத் தெரிகின்றன. இழைகள் தவறான இடத்தில் இணைந்துவிட்டனவா?

பதில்: உங்கள் அனுபவத்துக்கு பரோஸ்மியா என்று பெயர், கோவிட் காலத்தில் ஏராளமானோர் இதைக் கூறினார்கள். மூக்கின் நியூரான்கள் வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றன. படலத்தின் அடியிலுள்ள ஸ்டெம் செல்களிலிருந்து புதிய நியூரான்கள் பிறந்து, புதிய இழைகளை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இந்தப் பக்கங்களில் நான் விவரித்த பயணம், சிறிய அளவில், வளர்ந்தவர்களிடமும் தொடர்கிறது.

அந்தப் பயணம் எவ்வளவு துல்லியமாக அமையும் என்பது, பழைய பாதை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுண்டெலியில் நுகர்ச்சிப் படலத்துக்கு மட்டும் அளவான சேதம் நேர்ந்தால், புதிய இழைகள் எஞ்சிய கற்றைகளின் வழியே சென்று பெரிதும் சரியான இடத்தை அடைகின்றன. நரம்புக் கற்றையையே வெட்டிவிட்டால் இழைகள் மீண்டும் குமிழை அடைந்தாலும், பி2 இழைகள் இரண்டு இடங்களில் குவிவதற்குப் பதிலாகப் பல குளோமருலஸ்களில் சிதறிப்போகின்றன. தலையில் பலத்த அடிபட்டு இழைகள் சல்லடை எலும்பின் துளைகளில் அறுபட்டவர்களுக்கு மணம் முழுமையாகத் திரும்புவது கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

உங்களுடையது வைரஸால் நேர்ந்தது. கோவிட் வைரஸ் முதன்மையாகத் தாக்குவது நியூரான்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை என்று 2020இலேயே தெரிந்துவிட்டது. துணைச் செல்கள் சிதையும்போது நியூரான்களும் நலிவடைகின்றன. மீண்டு வரும் காலத்தில் எல்லா வகை நியூரான்களும் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. ஒரு மணத்தை அறிய வேண்டிய பத்து வகை ஏற்பிகளில் நான்கு மட்டும் பேசினால், மூளை கேட்பது பழைய மணமாக இருக்காது. தவறான இணைப்புகளும் இதற்குக் காரணமாக முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மனித மூளையில் தனித்தனி இழையைப் பின்தொடர்ந்து பார்க்கும் வழி இல்லாததால், உங்கள் மூக்கில் எது எவ்வளவு என்று எவரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். நான்கைந்து பழகிய மணங்களை நாள்தோறும் இருமுறை, ஒவ்வொன்றையும் சில வினாடிகள் கவனத்தோடு முகரும் நுகர்ச்சிப் பயிற்சியைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பலருக்கு அது மெல்ல உதவுகிறது. வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் தொடர வேண்டும். கருகல் வாடை குறையாமல் உணவையே வெறுக்கும் நிலை வந்து எடை குறையத் தொடங்கினால், காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: எரிவாயுக் கசிவும் புகையும் இப்போது உங்கள் மூக்குக்கு வேறு வாடையாகத் தெரியக்கூடும், வீட்டில் வேறொருவரின் மூக்கைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.